புழுக்கத்தில் ஓடக் கற்றுக்கொண்ட பதினைந்து வாரங்கள்

பதினெட்டு வாரப் பயிற்சித் திட்டத்தில் பதினைந்து வாரங்கள் முடிந்துவிட்டன. 42.195 கிலோமீட்டர் மாரத்தான் ஓட வேண்டிய நாளுக்கு இன்னும் இருபத்தொரு நாட்கள் இருக்கின்றன. இந்தப் பதினைந்து வாரங்களில் ஒரு நாள்கூட ட்ரெட்மில்லில் ஏறவில்லை. போட்டி திறந்தவெளியில், அன்றைக்கு எந்த வானிலை வாய்க்கிறதோ அதில்தான் நடக்கப்போகிறது என்பதால், பயிற்சியும் அப்படியே இருக்கட்டும் என்று தொடக்கத்திலேயே முடிவு செய்திருந்தேன். நான்காம் வாரத்தில் அந்த முடிவைப் பற்றி எனக்குப் பெரும் ஐயம் எழுந்தது. இன்று அந்த ஐயம் இல்லை. ஆனால் அன்று நான் ஓடிய முறை தவறு என்பது தெளிவாகியிருக்கிறது.

இதற்கு முன் இரண்டு அரை மாரத்தான்கள் ஓடியிருக்கிறேன். இரண்டும் இதமான பருவத்தில் நடந்தவை. அப்போது கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம் என்பது எனக்குப் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம். இதயத் துடிப்பு 145 அளவில் நிற்கும். கோடையில் தொடங்கிய இந்தப் பயிற்சிக்கும் அதே ஆறரை நிமிடத்தை அடிப்படையாக வைத்துக்கொண்டேன். கூடவே ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வெப்பநிலை, ஈரப்பதம், ஓடும் முன்னும் பின்னும் உடல் எடை, வழியில் குடித்த நீர், சராசரி இதயத் துடிப்பு ஆகியவற்றை எழுதிவந்தேன். இந்தப் பழக்கம்தான் பின்னர் என்னைக் காப்பாற்றியது என்று சொல்வதில் மிகையில்லை.

இரண்டாம் வாரத்தில் அந்த நோட்டு ஒரு புதிரை முன்வைத்தது. ஒரே சமதளப் பாதையில், ஒரே வேகத்தில், எட்டு கிலோமீட்டர் தூரத்தை இரு முறை ஓடியிருந்தேன். முதல் ஓட்டம் விடிவதற்கு முன். வெப்பநிலை 26 டிகிரி, ஈரப்பதம் 92 விழுக்காடு. இரண்டாவது, சூரியன் மறைந்த பிறகு. வெப்பநிலை 33 டிகிரி, ஈரப்பதம் 35 விழுக்காடு. ஏழு டிகிரி குறைவாக இருந்த அதிகாலையில்தான் இதயத் துடிப்பு 163 வரை ஏறியிருந்தது. மாலையில் 154-ஐத் தாண்டவில்லை. சரியாக உறங்காததுதான் காரணமாக இருக்கும் என்று எண்ணி மறுவாரமும் செய்து பார்த்தேன். அதே முடிவுதான் வந்தது. வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் தனித்தனிச் சொற்களை வைத்திருக்கும் மொழியில் பிறந்த நான், இரண்டும் வெவ்வேறு என்பதை இதயத் துடிப்பு மானி காட்டிய பிறகே உணர்ந்தேன்.

காரணம் எளிய கணக்கில் இருக்கிறது. சமதளத்தில் ஓடும்போது ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கலோரி செலவாகிறது. என் எடை 68 கிலோ. ஆகவே பத்துக் கிலோமீட்டருக்கு 680 கிலோ கலோரி. இதில் முக்கால் பங்குக்கு மேல் வெப்பமாகவே மாறுகிறது, அதாவது 500 கிலோ கலோரிக்குக் குறையாத வெப்பத்தை உடல் வெளியேற்றியாக வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரியை எடுத்துச் செல்லும். அப்படிப் பார்த்தால் எனக்கு ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவான வியர்வையே போதும். ஆனால் புழுக்கமான காலைகளில் பத்துக் கிலோமீட்டர் ஓடி முடித்தபோது ஒன்றரை லிட்டர் இழந்திருந்தேன். அப்படியும் உடல் கொதித்தது. காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருந்ததால் வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருந்தது. சொட்டும் வியர்வை உடலிலிருந்து நீரையும் உப்பையும் எடுத்துக்கொள்கிறதே தவிர, வெப்பத்தை எடுத்துச் செல்வதில்லை.

அதன் பிறகு நோட்டில் 'பனிநிலை' என்று ஒரு பத்தியைச் சேர்த்தேன். காற்றை எந்த வெப்பநிலை வரை குளிர்வித்தால் அதிலுள்ள ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்குமோ அதுவே பனிநிலை. ஈரப்பத விழுக்காடு நேரத்துக்கு நேரம் மாறி நம்மைக் குழப்பும். பனிநிலை அப்படிக் குழப்பாது. அந்த அதிகாலையில் பனிநிலை 24 டிகிரிக்கு மேல்; மாலையில் 15 டிகிரியை ஒட்டி. போட்டி நடத்துபவர்களும் படைப் பயிற்சியாளர்களும் பயன்படுத்தும் ஈரக்குமிழ் கோள வெப்பநிலை என்ற அளவீட்டிலும் இதே எண்ணமே இருக்கிறது. 1950-களில் அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையினரின் பயிற்சி முகாம்களில் வெப்பத்தால் வீரர்கள் மயங்கி விழுவதைத் தடுக்க உருவான அந்த அளவீட்டில், பத்தில் ஏழு பங்கு எடை ஈரக்குமிழ் வெப்பநிலைக்கும் (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவது), இரண்டு பங்கு வெயிலின் கதிர்வீச்சுக்கும், ஒரே ஒரு பங்கு நாம் வழக்கமாகப் பார்க்கும் வெப்பநிலைக்கும் தரப்படுகிறது. கைப்பேசியில் வெப்பநிலையை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிய நான் பத்தில் ஒரு பங்கை நம்பித்தான் கிளம்பியிருக்கிறேன்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் நான்காம் வாரத்தில் தவறினேன். அன்றைய திட்டம் 22 கிலோமீட்டர். தாமதமாக எழுந்ததால் ஏழரை மணிக்குத்தான் தொடங்கினேன். புழுக்கம் குறைவதற்குள் வெயிலும் சேர்ந்துகொண்டது. திட்டத்தில் எழுதியிருந்த வேகத்தை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. பதினேழாவது கிலோமீட்டரில், அந்தச் சூட்டிலும் கைகளில் மயிர்க்கூச்செறிந்தது. குளிர்வது போன்ற அந்த உணர்வு அபாயக் குறி என்பதை எங்கோ படித்திருந்தும், "இன்னும் ஐந்துதானே" என்று நினைத்துக்கொண்டு முந்நூறு மீட்டர் ஓடினேன். உடன் ஓடிவந்த, என்னைவிடப் பதினைந்து வயது மூத்த தோழர் என் கையைப் பிடித்து நிறுத்தி, நிழலுக்கு அழைத்துச் சென்று, தம்மிடமிருந்த தண்ணீர் முழுவதையும் என் தலையிலும் கழுத்திலும் ஊற்றினார்.

"தம்பி, இன்று என்ன கிழமை?" என்று கேட்டார்.

சொன்னேன், ஆனால் யோசித்துத்தான் சொன்னேன். அந்தத் தயக்கத்தைக் கண்டு அவர் முகம் மாறியதை நான் மறக்கவில்லை. களைப்பையும் தலைசுற்றலையும் வெப்ப அயர்ச்சி என்று கொள்ளலாம்; பேச்சு குழறுவதும், இடம் பொருள் மறந்துபோவதும், உள்ளுடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவதும் சேர்ந்தால் அது உயிரைப் பறிக்கக்கூடிய வெப்பத்தாக்கு. அந்நிலையில் மருத்துவ உதவிக்கு அழைத்துவிட்டு, அது வரும் வரை காத்திராமல் குளிர்ந்த நீரில் உடலை மூழ்கச் செய்து குளிர்விக்கத் தொடங்க வேண்டும். அந்த முதல் அரை மணி நேரமே முடிவைத் தீர்மானிக்கிறது. அவர் கிழமையைக் கேட்டது இதைச் சோதிக்கத்தான். எனக்கு அந்த எல்லைக்கு முன்பே உடல் தணிந்துவிட்டது. இப்போது தனியாக நெடுந்தொலைவு ஓடுவதை நிறுத்திவிட்டேன், ஏனென்றால் குழம்பிய மூளையால் தான் குழம்பியிருப்பதை அறிய முடியாது.

ஐந்தாம் வாரத்திலிருந்து கைக்கடிகாரத்தின் திரையிலிருந்து வேகத்தை நீக்கிவிட்டு இதயத் துடிப்பை மட்டும் வைத்தேன். மெதுவான ஓட்டங்களில் 150-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் நடக்க வேண்டும். முதல் நாளன்று கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் நாற்பது நொடி வந்தது. பல மாத உழைப்பு கைநழுவிப் போனதைப் போன்ற வருத்தம் அன்று எனக்கு இருந்தது. அந்த வருத்தத்தைத் தீர்த்தது 2019-ஆம் ஆண்டு தோஹா உலகத் தடகளப் போட்டியின் பெண்கள் மாரத்தான் குறித்த விவரங்கள். வெப்பத்துக்கு அஞ்சி நள்ளிரவில் தொடங்கப்பட்டும், 68 பேரில் 40 பேர்தான் ஓடி முடித்தார்கள். வென்ற கென்ய வீராங்கனை ரூத் செப்ங்கெடிச் எடுத்துக்கொண்ட நேரம் 2 மணி 32 நிமிடம் 43 நொடி. அதே ஆண்டு ஜனவரியில் துபாயில் அவரே 2 மணி 17 நிமிடம் 8 நொடியில் ஓடியிருந்தார். உலகின் தலைசிறந்த கால்களுக்கே புழுக்கம் பதினைந்து நிமிடம் விலை கேட்கிறது என்றால், எனக்கு அது விலக்கு அளிக்கும் என்று எதிர்பார்த்தது அறியாமை.

பயிற்சியில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்த பகுதி அதற்குப் பிறகு வந்தது. உடல் வெப்பத்துக்குப் பழக ஏழு முதல் பதினான்கு நாட்கள் பிடிக்கும். குருதியின் நீர்மப் பகுதி கூடும், வியர்வை முன்கூட்டியே சுரக்கத் தொடங்கும், அதில் உப்பு குறையும், அதே வேலைக்கு இதயம் குறைவாகத் துடிக்கும். பன்னிரண்டு நாட்கள் தொடர்ந்து, ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாக, வேண்டுமென்றே மெதுவாக, வெப்பமான நேரத்தில் ஓடினேன். கிலோமீட்டருக்கு ஏழேகால் நிமிட வேகத்தில் முதல் நாள் 158 ஆக இருந்த துடிப்பு பன்னிரண்டாம் நாள் 146 ஆகியிருந்தது. கறுப்பு மேற்சட்டையில் காய்ந்த பின் தெரியும் வெள்ளை உப்புக்கோடும் மெலிந்திருந்தது. ஒரு வரிப் பயிற்சிக் குறிப்புக்கு உடல் இத்தனை உண்மையாகப் பதில் சொல்லும் என்று நான் நினைத்ததில்லை.

நீர் விஷயத்தில் இரு பக்கமும் தவறியிருக்கிறேன். தொடக்கத்தில் மிகக் குறைவாகக் குடித்தேன். நான்காம் வார அச்சத்துக்குப் பிறகு, கண்ட இடத்தில் எல்லாம் குடித்தேன். ஒரு நீண்ட ஓட்டத்தின் முடிவில் எடை 400 கிராம் கூடியிருந்தது. விரல்கள் வீங்கி, குமட்டலும் இருந்தது. ஓடி முடித்தவரின் எடை கூடியிருக்கவே கூடாது. மிகையான நீர் குருதியிலுள்ள சோடியத்தை நீர்த்துப்போகச் செய்கிறது. 2002 பாஸ்டன் மாரத்தானில் சோதிக்கப்பட்ட 488 ஓட்டக்காரர்களில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது, அவர்களில் சிலருக்கு உயிருக்கு ஆபத்தான அளவில். இப்போது தாகம் எடுக்கும்போது குடிக்கிறேன், எடையிழப்பு இரண்டு விழுக்காட்டுக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.

ஒன்பதாம் வாரத்தில் பணி நிமித்தம் பதினொரு நாட்கள் உறைகுளிரில் கழிக்க நேர்ந்தது. முதல் ஓட்டத்தன்று வெப்பநிலை மைனஸ் 9. அஞ்சி நான்கு அடுக்கு உடை அணிந்தேன். மூன்றாவது கிலோமீட்டரிலேயே வியர்த்து, திரும்பி வருகையில் எதிர்காற்றில் அந்த ஈரமே என்னை நடுங்க வைத்தது. பிறகு இரண்டு விதிகளைக் கடைப்பிடித்தேன்: பத்து டிகிரி கூடுதலாக இருப்பதாக எண்ணி உடுத்துவது, போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று என்று வழியை அமைப்பது. பருத்தி உடையை முற்றிலும் விலக்கினேன். குளிரில் ஓடுவது எனக்கு வெப்பத்தைவிட எளிதாகவே இருந்தது, பனிப்படிந்த தரையில் அடியைக் குறுக்கி வைப்பதைத் தவிர. ஆனால் திரும்பி வந்ததும் ஏழேகால் நிமிட வேகத்தில் துடிப்பு 151 ஆகியிருந்தது. ஈட்டியதில் ஒரு பகுதி கரைந்துவிட்டது. அதை மீட்க ஐந்து நாட்களே ஆயின.

மழையை நான் வரவேற்றேன், ஒரு நாளைத் தவிர. அன்று வீட்டிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் தொலைவில் இருந்தபோது மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணினேன், பன்னிரண்டு நொடி. ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க மூன்று நொடி ஆகும் என்பதால் நான்கு கிலோமீட்டர் தொலைவுதான். இடைவெளி முப்பது நொடிக்குள் வந்துவிட்டாலே கட்டடத்துக்குள் ஒதுங்க வேண்டும், கடைசி இடிக்குப் பின் முப்பது நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பது விதி. மரத்தடி புகலிடம் ஆகாது. ஒரு கட்டடத்தில் ஒதுங்கி நின்றேன். நனைந்த உடையோடு காற்றில் நின்ற அந்த நாற்பது நிமிடத்தில் பற்கள் தந்தியடித்தன. 2021 மே மாதம் சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த நூறு கிலோமீட்டர் மலையோட்டத்தில் திடீர் மழையிலும் காற்றிலும் சிக்கி 172 பேரில் 21 பேர் குளிரால் மாண்டது அப்போது நினைவுக்கு வந்தது. அது உறைபனிக் காலம்கூட இல்லை. அன்றிலிருந்து கைப்பிடிக்குள் அடங்கும் மெல்லிய காற்றுத்தடுப்புச் சட்டை ஒன்று என் இடுப்புப் பையில் எப்போதும் இருக்கிறது.

நேற்று கடைசி நீண்ட ஓட்டம்: 32 கிலோமீட்டர். நாலேமுக்கால் மணிக்குத் தொடங்கினோம். வெப்பநிலை 25, பனிநிலை 23. துடிப்பை 150-க்குள் வைத்து 3 மணி 48 நிமிடத்தில் முடித்தேன். கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் எட்டு நொடி. எடை 67.8 கிலோவிலிருந்து 66.6 ஆனது. இருபத்தெட்டாவது கிலோமீட்டரில் தோழர் மறுபடியும் கிழமையைக் கேட்டார். உடனே சொன்னேன், சேர்த்துத் தேதியையும் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே ஓடினார்.

போட்டி நாளுக்கு மூன்று வேகங்களை எழுதி வைத்திருக்கிறேன். பனிநிலை 15-க்குக் கீழே இருந்தால் கிலோமீட்டருக்கு 6:10. 15-க்கும் 20-க்கும் இடையே என்றால் 6:30. அதற்கு மேல் என்றால் வேகமே கிடையாது, முப்பதாவது கிலோமீட்டர் வரை துடிப்பு 152-க்குள். எதைப் பின்பற்றுவது என்பதை அன்றைய விடியற்காலையில், தொடக்கக் கோட்டுக்குப் போகும் முன் முடிவு செய்வேன்.