14 கார் நிற்கும் தெரு

விளக்குக் கம்பத்தில் கட்டியிருந்த மஞ்சள் அட்டையை முதலில் பார்த்தவர் என் கூட்டாளி. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, வயது 62. நான்கு ஆண்டுகளாக நாங்கள் இருவரும் சேர்ந்துதான் ஸ்கூபாவுக்காக, அதாவது முதுகில் காற்றுச் சிலிண்டரோடு நீருக்குள் மூழ்க, கடலுக்குள் இறங்குகிறோம். நான் ஈர உடையை இடுப்பு வரை உரித்துவிட்டு, காரின் பின்பக்கம் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். அவர் அட்டையைப் படித்துவிட்டு வந்து, "இனி நமக்கு இங்கே வேலையில்லை போலிருக்கிறது" என்றார்.

கலிபோர்னியாவின் நடுக்கரையில் ஒரு சிறிய நகரம். பெயர் வேண்டாம், இன்னும் அங்கே போய்வர வேண்டியிருக்கிறது. அந்தத் தெருவின் முடிவில்தான் பாறைகளுக்கு நடுவே கடலுக்கு இறங்கும் ஒரே படிக்கட்டு. தெருவில் 14 கார்கள் நிற்கலாம். வெளியூர்க் கார்களுக்கு இனி 90 நிமிடம், மாலை ஆறு மணிக்குமேல் தெருவாசிகளுக்கு மட்டும் என்றது அட்டை.

ஸ்கூபா பழக்கமில்லாதவர்களுக்கு 90 நிமிடம் தாராளமாகத் தோன்றும். அங்கே தண்ணீர் 11, 12 டிகிரி செல்சியஸ்தான் இருக்கும். ஏழு மில்லிமீட்டர் தடிப்புள்ள ரப்பர் உடைக்குள் உடம்பைத் திணித்து, கருவிகளைச் சரிபார்த்து, அலை பார்த்து இறங்கவே முக்கால் மணி நேரம் போய்விடும். நீருக்குள் இன்னொரு முக்கால் மணி. மறுபடியும் இறங்குவதற்கு முன், உடம்பில் கரைந்த நைட்ரஜன் குறைய ஒரு மணி நேரமாவது கரையில் காத்திருக்க வேண்டும். ஆக, குறைந்தது நான்கு மணி நேரம். இரவில் மூழ்குவது முற்றிலும் நின்றுபோகும்.

காரை வேறெங்காவது நிறுத்திவிட்டு நடக்கலாமே என்றார்கள். அடுத்த வாகன நிறுத்தம் 700 மீட்டர் தள்ளி, மேட்டின்மேல் இருக்கிறது. காற்று நிரப்பிய அலுமினியச் சிலிண்டர் ஒன்று ஏறக்குறைய 17 கிலோ. ரப்பர் உடை மிதக்கும் என்பதால் இடுப்பில் பத்து கிலோ ஈயம். மற்றதையும் சேர்த்தால் 35 கிலோவுக்குக் குறையாது.

முதல் வாரம் கோபத்திலேயே கழிந்தது. ஒரே வாசகத்தை நாற்பது பேர் நகர மன்றத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். அதனால் ஒரு பயனும் இல்லை. எல்லாம் ஒரே கடிதத்தின் நகல் என்று ஒரு வரியில் குறித்துக்கொண்டார்கள் என்பது பிறகு தெரியவந்தது. எதிர்த்துப் போராட நினைப்பவர்களுக்கு நான் சொல்வது: நாற்பது நகலைவிட நான்கு சொந்தக் கடிதங்கள் மேல்.

வழி காட்டியது சட்டப் புத்தகம்தான். கலிபோர்னியாவில் 1972-ல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் வந்தது கடற்கரை ஆணையம். 1976-ல் கடற்கரைச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் 30106-ஆம் பிரிவு 'மேம்பாடு' என்றால் என்ன என்று விளக்குகிறது. கட்டடமும் சாலையும் மட்டும் அல்ல, கடல்நீரைப் பயன்படுத்தும் அளவிலோ அதை மக்கள் எட்டும் வழியிலோ ஏற்படும் மாற்றமும் மேம்பாடுதான். மேம்பாடு என்றால் கடற்கரை அனுமதி வேண்டும். கம்பத்தில் ஒரு பலகையை மாட்டிவிட்டால் முடிந்தது என்று நகராட்சி நினைத்திருந்தது. சட்டத்தின் கண்ணில் அந்தப் பலகையும் கட்டடமும் ஒரே வரிசை.

இதற்கு முன்னுதாரணம் தேடப்போனால் முதலில் வந்து நின்றவர் இந்தியாவில் பிறந்த அமெரிக்கக் கோடீஸ்வர முதலீட்டாளர் வினோத் கோஸ்லா. சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே மார்ட்டின்ஸ் பீச்சை ஒட்டிய நிலத்தை 2008-ல் வாங்கியவர். கடற்கரைக்குப் போகும் சாலையின் கதவை 2010-ல் பூட்டியது பெரிய வழக்காயிற்று. கதவைப் பூட்டுவதும் மேம்பாடுதான், அனுமதி வேண்டும் என்று 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2018 அக்டோபரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை விசாரிக்க மறுத்துவிட்டது. எங்கள் கூட்டத்தில் ஒருவர் என்னைப் பார்த்து, "உங்கள் ஊர்க்காரர்தானே" என்றார். கோஸ்லா டெல்லியில் வளர்ந்தவர், நான் தூத்துக்குடி, எங்கள் பக்கம் சங்கு குளிக்கப் போகிறவர்களிடம் யாரும் பார்க்கிங் கேட்டதில்லை என்றேன். கேட்டவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை.

சட்டம் கிடைத்தது. ஆனால் கணக்கு வேண்டுமே? ஆறு வார இறுதிகளில், காலை ஐந்தரை மணியிலிருந்து நண்பகல் வரை, முறை வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுதினோம். எந்தக் கார் எப்போது வந்தது, எப்போது போனது, அதில் வந்தவர் என்ன செய்தார். எண்களைப் பார்த்ததும் நாங்களே திகைத்தோம். தெருவில் அசையாமல் நின்றவற்றில் பெரும்பாலானவை அந்த வீட்டுக்காரர்களின் இரண்டாவது, மூன்றாவது கார்கள். வீட்டோடு இருக்கும் கார் கொட்டகைகளில் பழைய சோபாவும் கிறிஸ்துமஸ் மரமும் இருந்தன.

அதை வைத்து அவர்களை மடக்கிவிடலாம் என்று இளையவர்கள் துள்ளினார்கள். ஆசிரியை தடுத்தார். முதலில் கதவைத் தட்டிப் பேசலாம் என்றார். போனோம். கேட்டதில் பாதி எங்களுக்கே வெட்கமாக இருந்தது. காலை ஐந்தே முக்காலுக்குக் கார் டிக்கியில் சிலிண்டரும் சிலிண்டரும் மோதும் சத்தம் கோயில் மணி அடிப்பதுபோல் கேட்கும், நானே அப்படி இறக்கியிருக்கிறேன். சமையலறை ஜன்னலுக்கு நேராக நின்று துணி மாற்றுகிறார்கள் என்று ஒரு பாட்டி சொன்னார். வேலி ஓரம் சிறுநீர் கழிப்பது பற்றி இன்னொருவர் சொன்னதை இங்கே விரிக்க வேண்டாம். ஏழு மணிக்கு முன் சிலிண்டர் இறக்குவதில்லை, துண்டு கட்டாமல் உடை மாற்றுவதில்லை, இருவருக்கு ஒரு கார் என்று எழுதி, கையெழுத்திட்டுக் கொடுத்தோம்.

நகர மன்ற உறுப்பினர்களில் ஒருவர், தினமும் ஓடுகிறவர், 700 மீட்டர் ஒரு தூரமே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு சனிக்கிழமை அவரை அழைத்தோம். மறுக்காமல் வந்தது அவருடைய பெருந்தன்மை. மேட்டில் நின்று, என் சிலிண்டரை அவர் முதுகில் மாட்டி, ஈயப் பட்டையை இடுப்பில் இறுக்கினோம். போகும்போது இறக்கம், அதனால் சிரித்துக்கொண்டே நடந்தார். திரும்பும்போது மூன்றாவது வீட்டு மதில்மேல் சிலிண்டரைச் சாய்த்து நின்றுவிட்டார். தோள்பட்டையில் வார் பதிந்த இடத்தைத் தேய்த்தபடி, "ஈரமாக இருந்தால் இன்னும் கனக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

கடற்கரை அனுமதி பற்றிய நகராட்சி விசாரணை நாளில் ஆளுக்கு மூன்று நிமிடம். மேடையில் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லக் கூடாது என்று முன்பே பிரித்துக்கொண்டோம்: சட்டம் ஒருவருக்கு, கார்க் கணக்கு ஒருவருக்கு, நீருக்கடியில் பாதுகாப்பு எனக்கு. மஞ்சள் விளக்கைப் பார்த்ததும் எனக்கு ஆங்கிலம் மறந்துபோய், கடைசி வாக்கியத்தைப் பாதியில் விட்டேன். பரவாயில்லை, பேசியதாகப் பதிவாகிவிட்டது. அதுதான் முக்கியம். உள்ளூர் விசாரணையில் பங்கெடுத்தவரோ, அதற்கு முன்பே தன் கருத்தைத் தெரிவித்தவரோதான் பிறகு பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் கடற்கரை ஆணையத்திடம் மேல்முறையீடு செய்ய முடியும். வாய் திறக்காமல் பின்வரிசையில் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களுக்கு அந்த உரிமை கிடைக்காமல் போகலாம். நகராட்சியின் இறுதி முடிவு ஆணையத்துக்குக் கிடைத்ததிலிருந்து பத்து வேலைநாள்தான் அவகாசம். மேல்முறையீட்டை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தோம்.

அதை அனுப்ப வேண்டியிருக்கவில்லை. நகர மன்றத்தின் முடிவு இது: ஒன்பது இடங்களில் இரவு பத்து மணி வரை யாரும் நான்கு மணி நேரம் நிறுத்தலாம், ஐந்து இடங்கள் தெருவாசிகளுக்கு. இரண்டு ஆண்டுகளுக்குச் சோதனை முறையில். ஐந்து இடங்களை விட்டுக்கொடுத்தது துரோகம் என்று எங்களில் இருவர் இன்னமும் என்னோடு பேசுவதில்லை. அந்த ஐந்தையும் கேட்டுப் போராடியிருந்தால் 14-ம் போயிருக்கும் என்பது என் எண்ணம்.

வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரத்துக்கு முன்பே ஒட்ட வேண்டும் என்பது 1953-ஆம் ஆண்டின் பிரவுன் சட்டம். இப்போது ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்பு எங்களில் ஒருவர் நகராட்சிப் பலகையைப் போய்ப் படித்துவிட்டு வருகிறார். இந்த மாதம் என் முறை.