மேட்டில் இழுக்கும், சமதரையில் திக்கும்

அப்பா ஓட்டிய 1984 மாடல் அம்பாசிடர் மார்க் 4 இன்னும் எங்கள் பாளையங்கோட்டை வீட்டு வாசலில்தான் நிற்கிறது. 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். மாதம் ஒருதடவை அம்மாவை அம்பாசமுத்திரத்துப் பெரியம்மா வீட்டுக்குக் கூட்டிப்போவது அதில்தான். போன ஆனி மாதம் அது மக்கர் பண்ண ஆரம்பித்தது.

வாசலில் நின்றால் ஐட்லிங் அருமையாக இருக்கும். ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தில் சுகமாக ஏறும். பேட்டை தாண்டி, 50 கிலோமீட்டர் வேகத்தில் காலை லேசாக வைத்து ஓட்டும்போதுதான் மிஸ்ஸிங், அதாவது எஞ்சின் விட்டுவிட்டுத் திக்கும். சில நேரம் அப்படியே அணைந்துவிடும். ஓரங்கட்டிச் சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகும்.

ஓர் ஒர்க்‌ஷாப்பில் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். இன்னோர் இடத்தில் பெட்ரோல் பம்ப் கிட், நான்கு பிளக், பொறிக்கு மின்சாரம் ஏற்றித் தரும் புதுக் காயில். 4,300 ரூபாய் செலவான பிறகும் மிஸ்ஸிங் அப்படியே இருந்தது.

அப்புறம்தான் மேலப்பாளையத்து அண்ணாச்சியிடம் போனேன். பழைய ஆட்டோ எலெக்ட்ரீஷியன். பானெட்டைத் திறக்கும் முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எய்யா, மேட்டுல எப்படி இழுக்கு?"

"நல்லா இழுக்கு அண்ணாச்சி. சமதரையிலதான் திக்குது."

"மேட்டுக்குத்தான பெட்ரோல் கூட வேணும்? அப்போ பெட்ரோல் கொறை இல்ல. டெல்கோவத் தொற."

டெல்கோ என்றால் டிஸ்ட்ரிபியூட்டர். அதன் பக்கவாட்டில் தட்டையான டப்பா ஒன்று இருக்கும். அதிலிருந்து மெல்லிய குழாய் கார்புரேட்டருக்குப் போகும். ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்து ஓட்டும்போது அந்தக் குழாயில் உறிஞ்சல் கூடி, பாயிண்ட் (காயிலின் கரண்டை மூடித் திறந்து பொறி விழவைக்கும் சின்ன சுவிட்ச்) உட்கார்ந்திருக்கும் தகட்டைக் கொஞ்சம் திருப்பும். பொறி முன்கூட்டியே விழும், பெட்ரோல் மிச்சமாகும். மேட்டில் நன்றாக அமுக்கினால் உறிஞ்சல் குறைந்து தகடு பழைய இடத்துக்கு வந்துவிடும். ஐட்லிங்கில் உறிஞ்சல் கார்புரேட்டரில் அந்தக் குழாய் சேரும் துவாரத்துக்கு எட்டாது. எங்கள் வண்டி திக்கியதெல்லாம் தகடு திரும்பிய நேரத்தில் மட்டும்தான்.

மூடியைக் கழற்றி, ஹேண்டில் போட்டு எஞ்சினைச் சுற்றி, பாயிண்ட் நன்றாக மூடிய நிலையில் நிறுத்தினோம். டெஸ்ட் லாம்பின் ஒரு முனை காயிலிலிருந்து டெல்கோவுக்கு வயர் போகும் முனையில், மறுமுனை எர்த்தில், அதாவது எஞ்சின் இரும்பில். இக்னிஷன் ஆன். பாயிண்ட் மூடியிருந்ததால் கரண்ட் அது வழியாகவே எர்த்துக்குப் போய்விட்டது, பல்பு எரியவில்லை, அது சரிதான். அண்ணாச்சி அந்தக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சினார். தகடு நகர்ந்தது, பாயிண்ட் மூடியபடியே இருக்க, பல்பு பளிச்சென்று எரிந்தது. வாயை எடுத்தார், அணைந்தது. மூன்று முறை செய்து காட்டினார். தகடு நகரும்போதெல்லாம் அதன் எர்த் விட்டுப்போகிறது என்று அர்த்தம். (இக்னிஷனை இப்படி ரொம்ப நேரம் ஆனில் விடக்கூடாது, காயில் சூடாகிவிடும்.)

தகட்டை எர்த்தோடு சேர்க்கும் வயர் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. மேலே நூல் உறை முழுதாக இருந்தது. அண்ணாச்சி அதை விரலில் மடக்கியதும் நடுவில் தொளதொளவென்று மடிந்தது. உள்ளே செம்பு இழைகள் அற்று, முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தன. தகடு திரும்பினால் விலகும், திரும்பி வந்தால் ஒட்டும். இத்தனை வருஷம் அது மடங்கி நிமிர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. பாயிண்ட்டில் தீப்பொறி பறக்காமல் காக்கும் கண்டென்சர் போனாலும் மிஸ்ஸிங் வரும், ஆனால் அது மேடு, சமதரை என்று பார்க்காது. பாயிண்ட்டும் சீக்கிரம் கருகும்.

மெல்லிய இழைகள் நிறைய உள்ள வயராகத் தேடி, இரு முனையிலும் லக் என்ற உலோக முனை வைத்துப் பற்றவைத்தார். தடித்த கம்பி போட்டால் மறுபடி முறியும். தகடு முழுக்கத் திரும்பினாலும் இழுபடாத அளவுக்குத் தொய்வு விட்டார். பாயிண்ட் இடைவெளி 0.38 மில்லிமீட்டர் வைத்து மூடியைப் போட்டார்.

அடுத்த ஞாயிறு அம்மாவோடு கிளம்பினேன். பேட்டை தாண்டியதும் காதைத் தீட்டிக்கொண்டு, காலை லேசாக வைத்தே ஓட்டினேன். சேரன்மகாதேவி வந்தது, வீரவநல்லூர் வந்தது. அம்மா பின் சீட்டில் தூங்கிவிட்டாள்.