லாரி வாரண்டி வேலை: இன்ஜினைப் பிரிக்கும் முன் செய்ய வேண்டியவை

வாரண்டி கிளெய்ம் நிற்குமா விழுமா என்பது பெரும்பாலும் இன்ஜினில் ஸ்பேனர் படுவதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. வேலையை டீலர் செய்தாலும் பணம் வர வேண்டியது வண்டி தயாரித்த கம்பெனியிடமிருந்து. ஜாப் கார்டு, ஸ்கேனர் பதிவு, கழற்றிய பார்ட் மூன்றையும் பார்த்துத்தான் கம்பெனி ஒப்புக்கொள்ளும். மறுத்தால் கூலியும் பார்ட்டும் டீலர் தலையில் விழும். அதனால் கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் பழுதை ஓனர் பக்கம் தள்ளத்தான் பார்ப்பார்கள்.

முதல் வேலை ஜாப் கார்டு. சர்வீஸ் அட்வைசர் "பிக்கப் இல்லை, செக் செய்யவும்" என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். எந்த கியரில், எத்தனை டன் லோடில், எந்த ஆர்பிஎம்மில் இழுவை விடுகிறது, புகை கறுப்பா வெள்ளையா, இன்ஜின் சூடான பிறகு மட்டுமா, எந்த விளக்கு எரிந்தது என்று டிரைவர் சொன்னபடியே ஏற வேண்டும். கிலோமீட்டரோடு இன்ஜின் ஓடிய மணியும் எழுதச் சொல்லுங்கள். அதே பழுது மறுபடி வந்தால் அடுத்த ஜாப் கார்டிலும் அதே சொற்களில் எழுத வையுங்கள். வேறு சொல்லில் எழுதினால் அது புதுப் புகார் ஆகிவிடும். திரும்பத் திரும்ப வரும் பழுது என்று காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது.

இன்ஜின் கம்ப்யூட்டரில் பதிவான எரர் கோடுகளை அழிப்பதற்கு முன் பிரிண்ட் எடுத்து வாங்குங்கள். கனரக வண்டிகளில் ஒவ்வொரு கோடிலும் எஸ்பிஎன், எஃப்எம்ஐ என்று இரண்டு எண்கள் உண்டு. எஸ்பிஎன் எந்த இடம் என்று சொல்லும். எஃப்எம்ஐ என்ன கோளாறு என்று சொல்லும். எஸ்பிஎன் 157 என்றால் ரெயில் பிரஷர் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் குழாயின் அழுத்தம்), 97 என்றால் டீசலில் தண்ணீர். எஃப்எம்ஐ 3, 4, 5 வந்தால் மின்சாரப் பக்கக் கோளாறு: ஷார்ட் அல்லது அறுந்த ஒயர். அப்போது ஒயரையும் கனெக்டரையும் பார்க்காமல் சென்சாரை மட்டும் மாற்றினால் ஒரு வாரத்தில் வண்டி திரும்ப அங்கேதான் நிற்கும். எலி கடித்த ஒயர் வாரண்டியில் வராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அதிகம் சண்டை நடப்பது டீசல் சிஸ்டத்தில். "டீசல் கலப்படம், வாரண்டி இல்லை" என்ற ஒரு வரியில் பம்பு, ரெயில், இன்ஜெக்டர் எல்லாம் உங்கள் செலவாகிவிடும். காமன் ரெயில் (மேலே சொன்ன அதே குழாய்) 2,000 பார் அளவு அழுத்தத்தில் ஓடுகிறது. பல பம்புகளுக்கு மசகு டீசலேதான். தண்ணீர் கலந்தால் உள்ளே உலோகம் உரசித் தேயும், இது உண்மை. ஆனால் தண்ணீர் இருந்தது என்று வாயால் சொன்னால் போதாது. டேங்கின் அடியிலிருந்து ஒன்று, ஃபில்டர் கிண்ணத்திலிருந்து ஒன்று என இரண்டு இடத்தில் சாம்பிள் எடுக்கச் சொல்லுங்கள். சுத்தமான கண்ணாடி பாட்டில், இடத்துக்கு இரண்டு. ஒன்று அவர்களுக்கு, ஒன்று உங்களுக்கு. சீல் வைத்து, தேதி எழுதி, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். சில மணி நேரம் அசையாமல் வைத்தால் தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். டிஇஎஃப் (புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் யூரியா திரவம்) தவறிப்போய் டீசல் டேங்கில் விழுந்திருந்தாலும் அடியில்தான் தங்கும், காய்ந்த இடத்தில் உப்பு மாதிரி வெள்ளையாகப் படியும். அப்படி நடந்திருந்தால் மறைக்காதீர்கள், இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் கட்டி இழுத்துப் போங்கள்.

ஃபில்டரை உங்கள் கண் முன் வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மடிப்புகளில் பளபளவென உலோகத் தூள் இருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். ஹை பிரஷர் பம்பு தன்னைத் தானே தின்னத் தொடங்கினால் அந்தத் தூள் ரெயிலுக்கும் இன்ஜெக்டருக்கும் போகும், ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்கும் திரும்பும். பம்பை மட்டும் மாற்றித் தருகிறோம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பம்பு, ரெயில், பைப்புகள், இன்ஜெக்டர்கள் முழு செட்டாக மாற வேண்டும், டேங்கும் கழுவப்பட வேண்டும். இல்லாவிட்டால் மிச்சம் இருக்கும் தூளே புது இன்ஜெக்டரை அடைக்கும், அதற்குள் வாரண்டி காலமும் தீர்ந்திருக்கலாம்.

டர்போ போனாலும் இதே கதைதான். உடைந்த துண்டும் ஆயிலும் இன்டர்கூலருக்குள் தங்கியிருக்கும். அதைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல், ஆயில் வரும் பைப்பைப் பார்க்காமல் புது டர்போ மாட்டுவது வீண். வெளியே ஒழுகாமல் கூலண்ட் குறைந்து, வெள்ளைப் புகையும் வந்தால் இஜிஆர் கூலரை (இன்ஜினுக்குத் திரும்பும் புகையைக் கூலண்டால் குளிரவைக்கும் பகுதி) பிரஷர் டெஸ்ட் செய்யக் கேளுங்கள்.

உங்கள் பக்கமும் சுத்தமாக இருக்க வேண்டும். ஆயில் பில்லில் கிரேடு, லிட்டர், கிலோமீட்டர், தேதி நான்கும் வேண்டும். டிப்பர், மிக்சர் மாதிரி நின்றபடியே இன்ஜின் ஓடும் வண்டிகளில் கிலோமீட்டர் கம்மியாகத் தெரியும், மணி எகிறிவிடும். சர்வீஸ் இடைவெளியை மணிக் கணக்கில் பிடித்தால்தான் "லேட் சர்வீஸ்" என்ற சாக்கு எழாது. இசிஎம்மில் (இன்ஜின் கம்ப்யூட்டரில்) டியூனிங் செய்திருந்தாலோ டிபிஎஃப்பைக் (புகைக் கரியைப் பிடிக்கும் ஃபில்டரை) கழற்றியிருந்தாலோ இன்ஜின் கிளெய்ம் நிற்பது மிகக் கடினம்.

பிரிப்பதற்கு அனுமதிக் கையெழுத்துக் கேட்பார்கள். வாரண்டி மறுக்கப்பட்டால் பிரித்த கூலி உங்களுடையது என்று அதில் இருக்கும். உச்ச வரம்பை எண்ணில் எழுத வைத்த பிறகே போடுங்கள். மறுப்பு வந்தால் எந்த விதியின்படி என்று எழுத்தில் வாங்கி, கம்பெனியின் ஏரியா சர்வீஸ் அதிகாரி நேரில் பார்க்கும்வரை கழற்றிய பார்ட்டுகளை எடைக்குப் போடவோ திருப்பி அனுப்பவோ கூடாது என்று மெயில் அனுப்புங்கள். பார்ட் போய்விட்டால் வாதமும் போய்விடும்.

வண்டியை எடுக்கும்போது லோடு ஏற்றி ஓட்டிப் பாருங்கள், ஸ்கேனர் மாட்டியபடியே. இசிஎம் கேட்ட ரெயில் பிரஷரும் கிடைத்த ரெயில் பிரஷரும் மேட்டில் ஒன்றையொன்று ஒட்டிப் போக வேண்டும். புது இன்ஜெக்டர்களின் டிரிம் கோடு (ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் உரிய அளவு எண்) இசிஎம்மில் ஏற்றப்பட்டதா, டீசல் கலந்த பழைய இன்ஜின் ஆயில் மாற்றப்பட்டதா, மாற்றிய பார்ட்டுக்குத் தனி வாரண்டி உண்டா அல்லது பழைய வாரண்டியின் மிச்சம் மட்டும்தானா என்பது பில்லில் எழுதப்பட்ட பிறகு டெலிவரி கையெழுத்துப் போடுங்கள்.