புரொடக்‌ஷன் சர்வரில் ஆர்ச் லினக்ஸ்

தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்எச்சின் 9.8 வெர்ஷன் 2024 ஜூலை 1 அன்று வெளியாகி, கையோடு ஆர்ச் லினக்ஸ் ரெப்போவுக்கும் (பேக்கேஜ் கிடங்கு) வந்துவிட்டது. அப்டேட் போட்டால் பிழை எதுவும் காட்டாது, எல்லாம் ஒழுங்காக இறங்கும். ஆனால் அதன் பிறகு புதிதாக யாராலும் அந்தச் சர்வருக்குள் நுழைய முடியாது. மெமரியில் ஓடுவது பழைய டீமன் (பின்னணியில் ஓடும் நிரல், இங்கே எஸ்எஸ்எச்டி); டிஸ்க்கில் இருப்பதோ உள்ளமைப்பு மாறிப்போன புது நிரல். ஒவ்வொரு இணைப்புக்கும் பழையது புதியதைக் கூப்பிடும், இரண்டும் ஒத்துப்போகாது. ஏற்கெனவே திறந்திருக்கும் டெர்மினலை மூடுமுன் எஸ்எஸ்எச்டியை ரீஸ்டார்ட் செய்தால் தீர்ந்தது. மூடிவிட்டால் சர்வரின் நேரடித் திரையான கன்சோலைத் தேடிப் போக வேண்டியதுதான். இதுபற்றி ஆர்ச்சின் செய்திப் பக்கத்தில் அறிவிப்பு போட்டிருந்தார்கள். குறித்த நேரத்தில் தானாக வேலையை ஓட்டும் கிரானில் அப்டேட்டைக் கட்டிவிட்டுத் தூங்குகிறவர் எங்கே படிக்கப்போகிறார்?

ரோலிங் ரிலீஸே (பெரிய வெளியீட்டுக்குக் காத்திராமல் புது வெர்ஷன்களை வர வரத் தரும் ஆர்ச் போன்ற முறை) சர்வருக்கு ஆகாது என்று சொல்ல இது போதாது. எந்த நாளில் எது மாறும் என்பதை நாம் முடிவு செய்யாமல் மிர்ரரிடம் (ரெப்போவின் நகலைத் தரும் சர்வர்) விட்டதுதான் இங்கே கோளாறு. அதற்கு வழி இருக்கிறது. ஆர்ச் லினக்ஸ் ஆர்க்கைவில் ரெப்போ தேதிவாரியாக, முழுசாகக் கிடைக்கும். மிர்ரர்லிஸ்ட் கோப்பில் உள்ள வரிகளை நீக்கிவிட்டு ஒரே ஒரு தேதியின் முகவரியை மட்டும் வையுங்கள். எத்தனை சர்வர் இருந்தாலும் எல்லாவற்றிலும் அதே பேக்கேஜ்கள்தான் இருக்கும். சோதனைச் சர்வரில் முதலில் தேதியை நகர்த்தி, ரீபூட் செய்து, ஒரு வாரம் ஓடவிட்ட பிறகு மற்றவற்றில் நகர்த்தலாம். பாதுகாப்பு ஓட்டை அவசரம் என்றால் வாரம் பார்க்க முடியாது, அன்றே நகர்த்த வேண்டும். தேதியைப் பின்னால் தள்ளும்போது ஆர்ச்சின் பேக்கேஜ் நிரலான பேக்மேனின் கட்டளையில் ஒய், யு எழுத்துகள் இரண்டையும் இரட்டையாகப் போட வேண்டும். யு ஒற்றையாக இருந்தால் புது வெர்ஷன் இருந்த இடத்திலேயே நிற்கும், எச்சரிக்கை மட்டும் வரும்.

சிஸ்டத்தின் மையப் பகுதியான கர்னலை அப்டேட் செய்வதில் வேறொரு சிக்கல். ஓடிக்கொண்டிருக்கும் கர்னலின் மாட்யூல் (தேவைப்படும்போது கர்னலில் சேரும் துணை நிரல்) அடைவை பேக்மேன் அழித்துவிடும். ஏற்கெனவே லோடான மாட்யூல்கள் ஓடும். புதிதாக ஒன்று தேவைப்பட்டால் கிடைக்காது. நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில், அதாவது கன்டெய்னர்களில் ஓட்டும் டாக்கர் திடீரென்று நெட்வொர்க் உருவாக்க மறுத்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். நீண்டகால ஆதரவுள்ள எல்டிஎஸ் கர்னலைப் போட்டாலும் இது மாறாது. ரீபூட்டுக்கு நேரம் ஒதுக்காமல் அப்டேட் போடாதீர்கள்.

டேட்டாபேஸ் விஷயத்தில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது: போஸ்ட்கிரஸை ஆர்ச்சின் பேக்கேஜாக வைக்காதீர்கள். பெரிய வெர்ஷன் மாறினால் பழைய டேட்டா அடைவைப் புது நிரல் திறக்காது. டேட்டாவைப் புது வெர்ஷனுக்கு மாற்றும் பிஜி அப்கிரேட் ஓட்டும்வரை சேவை எழாது. சரி, இக்னோர் பட்டியலில் போட்டு நிறுத்திவைக்கலாமே என்றால், சிஸ்டத்தில் மற்றதெல்லாம் நகரும். போஸ்ட்கிரஸ் சார்ந்திருக்கும் ஐசியு லைப்ரரியின் எண் ஒருநாள் மாறும், நிறுத்திவைத்த போஸ்ட்கிரஸ் அந்தப் பழைய லைப்ரரியைக் காணாமல் விழும். அரைகுறை அப்டேட்டுக்கு ஆதரவில்லை என்று ஆர்ச் விக்கி சொல்வது சும்மா இல்லை. பெரிய வெர்ஷன்கள் இடையில் மாறாத டெபியன் ஸ்டேபிளில் தனியாக வைப்பது நல்லது. இல்லையென்றால் வெர்ஷன் குறிப்பிட்ட கன்டெய்னர்.

இன்னொரு ரோலிங் ரிலீஸான ஓபன்சூசே டம்பிள்வீடில் இந்தத் தலைவலி கொஞ்சம் குறைவு. ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டும் (மொத்த அப்டேட் தொகுப்பு) ஓபன்கியூஏ என்ற தானியங்கிச் சோதனையைத் தாண்டித்தான் வரும். பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறையும், சிஸ்டத்தின் நிலையைச் சேமித்து வைக்கும் ஸ்னாப்பரும் இருப்பதால் முந்தைய நிலைக்குத் திரும்புவது ஒரு கட்டளை, ஒரு ரீபூட். ஆனால் 'வார்' (/var) அடைவு தனி சப்வால்யூம் (பிரித்து வைத்த பகுதி); சிஸ்டம் பின்னால் போனாலும் டேட்டாபேஸ் கோப்புகள் போகாது. அந்தச் சோதனையும் எல்லாவற்றையும் பிடித்துவிடாது. எஸ்எஸ்எச்டி வழியாக நுழையப் பின்கதவு வைத்த எக்ஸ்இசட் (கோப்புச் சுருக்க மென்பொருள்) 5.6 வெர்ஷன் 2024 மார்ச்சில் டம்பிள்வீட் பயனர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆர்ச்சுக்கும் அது வந்தது. அங்கே எஸ்எஸ்எச்டி அந்த லைப்ரரியோடு இணைக்கப்படாததால் அந்த வழியில் ஆபத்து வரவில்லை. டெபியன் 12 பக்கம் அது வரவே இல்லை.

இத்தனைக்கும் பிறகும் ஆர்ச்தான் என்றால், டேட்டா எதையும் வைத்திருக்காத வெப், பில்ட் சர்வர்களில் போடுங்கள். அப்டேட் முடிந்ததும் பேக்டிஃப் ஓட்டி, பேக்நியூ கோப்புகளை (நீங்கள் திருத்திய அமைப்புக் கோப்புக்குப் பக்கத்தில் பேக்மேன் வைக்கும் புதுப் பிரதி) பார்த்து இணையுங்கள். 2020இல் லாகினைச் சரிபார்க்கும் பாம் மென்பொருளின் 1.4 வெர்ஷன் வந்து பழைய மாட்யூலை நீக்கியபோது, லாகின் அமைப்பைத் திருத்தி வைத்திருந்தும் பேக்நியூவை இணைக்காதவர்களால் லாகினே செய்ய முடியாமல் போனது. கன்சோலிலும்தான்.