தேர்தல் பணிக்குப் போகும் ஆசிரியர்களே, உங்கள் ஓட்டு செல்லுபடியாகட்டும்

2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரம் தொகுதியில் வெற்றி வித்தியாசம் வெறும் 49 ஓட்டு. அங்கே செல்லாது என்று ஒதுக்கிய தபால் ஓட்டுகளோ 203. தபால் ஓட்டோடு வைக்கும் உறுதிமொழியில் சான்றொப்பமிட்ட நடுநிலைப்பள்ளித் தலைமை ஆசிரியர் கெஜட்டட் அதிகாரி இல்லை என்று காரணம் சொன்னார்கள். வழக்கு நடந்து, 2019இல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி மறுபடி எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. ‘தபால் ஓட்டை யார் எண்ணப் போறாங்க’ என்று ஸ்டாஃப் ரூமில் யாராவது சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள். எண்ணும் நாளில் காலை 8 மணிக்கு முதலில் கையில் எடுப்பதே தபால் ஓட்டைத்தான்.

பணி ஆணை வந்ததும் உங்கள் பாகம் எண், வரிசை எண்ணைப் புதிய வாக்காளர் பட்டியலில் பாருங்கள். போன தேர்தலின் பூத் சிலிப்பைப் பார்த்து எழுதாதீர்கள், திருத்தத்துக்குத் திருத்தம் எண்கள் மாறும். நீங்கள் ஓட்டாளராக உள்ள தொகுதிக்குள்ளேயே பணி என்றால் படிவம் 12ஏ கொடுத்துத் தேர்தல் பணிச் சான்று கேளுங்கள், வெளியே என்றால் படிவம் 12 கொடுத்துத் தபால் ஓட்டு கேளுங்கள். சட்டமன்றத் தேர்தலில் பெரும்பாலும் சொந்தத் தொகுதியில் பணி போடமாட்டார்கள், அதனால் தபால் ஓட்டுத்தான். மக்களவைத் தேர்தலில் ஆறு சட்டமன்றத் தொகுதி சேர்ந்தது ஒரு தொகுதி என்பதால், பக்கத்துத் தொகுதியில் பணி கிடைத்தாலும் பலருக்கு 12ஏ பொருந்தும். அந்தப் பணிச் சான்று கையில் இருந்தால் வேலை பார்க்கும் பூத்திலேயே இயந்திரத்தில் ஓட்டுப் போடலாம். உறை, சான்றொப்பம் என்ற தொல்லையே இல்லை. வாய்ப்பு இருந்தால் இதையே கேட்டு வாங்குங்கள்.

2023 விதித் திருத்தத்துக்குப் பிறகு தபால் ஓட்டுச் சீட்டை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அதற்கென அமைக்கும் மையத்திலேயே வாங்கி, குறித்து, பெட்டியில் போட்டுவிட வேண்டும். மையம் என்றைக்கு வரை இயங்கும் என்பதைப் பயிற்சி வகுப்பிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பட்டியலில் உங்கள் பெயருக்கு ‘பி.பி.’ (தபால் ஓட்டு) என்று குறித்த பிறகு பூத்துக்குப் போனாலும் ஓட்டு கிடையாது.

ஓட்டு கெட்டுப்போவது பெரும்பாலும் உறையில்தான். ஓட்டுச் சீட்டு மட்டும் 13பி என்ற சிறிய உறைக்குள் போக வேண்டும். ஒட்டுவதற்கு முன் சீட்டின் தொடர் எண்ணைப் பார்த்து உறையின் மேலும், 13ஏ உறுதிமொழியிலும் எழுதிவிடுங்கள். 13ஏவில் கையெழுத்திட்டு, அங்கே இருக்கும் அலுவலரிடம் சான்றொப்பம் வாங்குங்கள். பிறகு அந்த 13ஏவையும் ஒட்டிய 13பியையும் சேர்த்து 13சி பெரிய உறையில் வையுங்கள். அவசரத்தில் உறுதிமொழியையும் சிறிய உறைக்குள் திணித்து ஒட்டிவிடுகிறார்கள். எண்ணும் மேஜையில் பெரிய உறையைப் பிரித்ததும் 13ஏவைத்தான் தேடுவார்கள். அது இல்லை, கையெழுத்தோ சான்றொப்பமோ இல்லை, எண் ஒத்துப்போகவில்லை என்றால் சிறிய உறையைப் பிரிக்கவே மாட்டார்கள். சீட்டில் டிக் போட்டாலும் பெருக்கல் குறி போட்டாலும் செல்லும். ஒருவருக்கு மட்டும் போடுங்கள். பழக்கதோஷத்தில் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

தனியார் பள்ளி வேன் டிரைவர், ஆயா, வாட்ச்மேன் எல்லோருக்கும் ஓட்டுப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை உண்டு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 135பி பிரிவு அதைச் சொல்கிறது. நிர்வாகத்திடம் தயங்காமல் கேட்கலாம்.

ஓய்வு பெற்றவர்களுக்கு வேறு சிக்கல். பள்ளிக்குப் பக்கத்தில் வாடகை வீட்டில் இருந்துவிட்டு ஊரோடு போயிருப்பார்கள், பெயர் மட்டும் பழைய விலாசத்தில் கிடக்கும். 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்தில் அது நீங்கியும் இருக்கலாம். 1950 என்ற தேர்தல் உதவி எண்ணுக்கு அடித்துப் பாருங்கள். பெயர் இருந்தால் விலாசம் மாற்றப் படிவம் 8, இல்லாவிட்டால் புதிதாகச் சேர்க்கப் படிவம் 6. வாக்காளர் அட்டை தொலைந்திருந்தாலும், படம் ஒட்டிய ஓய்வூதிய ஆவணத்தைக் காட்டி ஓட்டுப் போடலாம். பூத் சிலிப்பை மட்டும் அடையாளமாக ஏற்கமாட்டார்கள்.

85 வயது கடந்தவர்கள் வீட்டிலிருந்தே போட, தேர்தல் அறிவிக்கை வந்த ஐந்து நாளுக்குள் படிவம் 12டியைக் கொடுக்க வேண்டும். பிறகு பூத்துக்குப் போகிறேன் என்று மாற முடியாது. குழு வரும் நாளை முன்கூட்டியே சொல்வார்கள். அன்றைக்கு ஆஸ்பத்திரி வேலை, விசேஷம் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். ஆள் இல்லையென்றால் இன்னொரு முறை வருவார்கள், அதற்குப் பிறகு வரமாட்டார்கள்.