தண்ணில பறந்த டேங்க்

காலைல ஸ்க்ரோல் பண்ணிட்டிருந்தப்ப ஒரு பழைய வீடியோ. அமெரிக்க மரைன் படைக்காக செஞ்ச ஈ.எஃப்.வி. கவச வண்டி, கடல்ல மூக்கைத் தூக்கிக்கிட்டு ஸ்பீட்போட் கணக்கா பறக்குது.

எல்லாம் அந்த எஞ்சின் பண்ற வேலை. தரையில 850 குதிரைசக்தி போதும், ஆனா தண்ணில இறங்கினா 2,700 வேணும், அடியில இருக்கற ட்ராக்கை மேல இழுத்து மூடிக்கிட்டு 25 நாட் (மணிக்கு சுமார் 46 கி.மீ.) கிட்ட போகும். இதுக்கு முன்னாடி, 1972ல படைக்கு வந்த ஏ.ஏ.வி.ங்கற பழைய நீர்-நில கவச வண்டிக்கு எட்டு நாட் தாண்டறதே பெரிய விஷயம்.

ஈ.எஃப்.வி.ய உருவாக்கவே 300 கோடி டாலருக்கு மேல கொட்டியாச்சு. வாங்க இன்னும் 1,200 கோடின்னதும், 2011 ஜனவரில பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் போதும்னுட்டார். என்னைக் கேட்டா சரியான முடிவுதான்.

ஆனா அப்புறமும் பழசையே ஓட்டினாங்களே.

2020 ஜூலைல கலிஃபோர்னியா பக்கம் ஒரு ஏ.ஏ.வி. மூழ்கி 9 பேர் செத்துட்டாங்க. விசாரணைல வெளிய வந்தது பராமரிப்பு சரியில்ல, பயிற்சி சரியில்லங்கறதுதான், வேகக் குறைவு காரணம் இல்ல.

ஏ.ஏ.வி.க்கு பதிலா இப்ப வந்திருக்கற ஏ.சி.வி.ங்கற புது வண்டிக்கு எட்டு சக்கரம். தரையில நல்லா ஓடுது, தண்ணில பழசு மாதிரியேதான் ஊருது. அதையே வாங்கறாங்க.