மடு மண்

1974, ஒன்பதாம் வகுப்பு. எங்கள் சைவசமய ஆசிரியர் இடமாற்றமாகிப் போய்விட, அந்த ஒரு தவணை முழுக்க நாங்கள் ஏழெட்டுச் சைவப் பெடியள் கிறிஸ்தவபாட வகுப்பின் பின்வாங்கிலில் குந்தியிருந்தோம்.

எங்கள் வீட்டில் அம்மம்மா மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் கோயிலான மடுமாதா கோயில் மண்ணைச் சீலைத்துண்டில் முடிந்து சாமித்தட்டில், முருகன் படத்தடியில் வைத்திருந்தா. பாம்புக்கடிக்கென்று சைவரும் அந்த மண்ணை வாங்கிவருவது ஊர்வழக்கம்தான். ஒருநாள் கிறிஸ்தவபாட ஆசிரியரிடம் துணிந்து கேட்டேன்: "சேர், மடு மண்ணுக்குச் சக்தி இருக்குதோ?"

சேர் புரட்டஸ்தாந்துக்காரர். கோபிப்பார் என்று நினைத்தேன். யோவான் சுவிசேஷத்தின் ஒன்பதாம் அதிகாரத்தை விரித்தார். "இஞ்ச பார் தம்பி, இயேசுவும் மண்ணைத்தான் எடுத்தவர். துப்பிக் குழைச்சுக் குருடன்ர கண்ணில பூசிப்போட்டு, சீலோவாம் குளத்தில கழுவச் சொன்னவர். சொல்லாலயே சுகமாக்கிறவருக்கு மண் என்னத்துக்கு?"

"மருந்து, சேர்" என்றான் ஒருவன்.

"மருந்தெண்டால் மற்றக் குருடருக்கும் அதைத்தானே பூசியிருக்கவேணும்!"

சேரின் தமிழ் வேதாகமத்தில் 'அற்புதம்' என்று வருமிடங்களில் யோவான் கிரேக்கத்தில் எழுதிய சொல்லுக்கு 'அடையாளம்' என்று பொருளாம். கடவுள் யாரென்று காட்டுகிற அடையாளம். அதைக் கைக்குள் முடிந்து வைக்க ஏலாது என்றார்.

அவருக்கு மிகப் பிடித்தது மாற்கு ஐந்தாம் அதிகாரம். 12 வருடமாக உதிரப்போக்கால் வருந்திய பெண் கூட்டத்துக்குள் பின்னால் வந்து இயேசுவின் வஸ்திரத்தைத் தொடுகிறாள். அவரிலிருந்து வல்லமை புறப்படுகிறது. நோய் அந்தக் கணமே நின்றுவிட்டது. பிறகேன் "என்னைத் தொட்டது யார்?" என்று நின்று தேடினார்? தீட்டென்று எல்லாரும் ஒதுக்கிவைத்தவளை, எல்லாருக்கும் கேட்க "மகளே" என்று கூப்பிடத்தான். அதுவும் சேர்ந்தால்தான் சுகம் என்பார் சேர். வைத்தியருக்குக் காசைக் கொட்டியும் அவளுக்கு வருத்தம் கூடினதாக மாற்கு எழுதியிருக்கிறார். அதே கதையை எழுதிய லூக்கா அந்தக் 'கூடினதை' விட்டுவிட்டார். "லூக்கா வைத்தியனெல்லே!" என்று கண்ணடிப்பார்.

அதற்காக அவர் வைத்தியருக்கு எதிரியில்லை. 1847 இல் அமெரிக்காவிலிருந்து வந்து யாழ்ப்பாணத்து மானிப்பாயில் வைத்தியம் செய்து, தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த டாக்டர் கிறீனின் கதையைத் தவணைக்கு இரண்டு தடவையாவது சொல்லிவிடுவார்.

1978 இல் அம்மம்மாவுக்குப் பாரிசவாதம். வலக்கை விழுந்தது, பேச்சும் போயிற்று. கேள்விப்பட்டுச் சேர் சைக்கிளில் வந்தார். "ஜெபிக்கட்டோ அம்மா?" அம்மம்மா இடக்கையால் சாமித்தட்டைக் காட்டினா. சேர் கொஞ்சம் தயங்கினார். பிறகு அந்த முடிச்சை எடுத்து அவவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடித்து, தன் கையால் பொத்திக்கொண்டு ஜெபித்தார்.

வலக்கை கடைசிவரை எழும்பவில்லை. மூன்றாம் நாள் என்னைப் பார்த்து ஒரு பேர் சொன்னா. ஓடிப்போய்ச் சேரிடம் சொன்னேன்.

"என்ன பேர் சொன்னவ?"

"மாமான்ர பேர், சேர்."

சேர் விழுந்து விழுந்து சிரித்தார். "பெத்சாயிதாக் குருடனுக்கும் இயேசு முதல்தரம் தொட்டவுடன ஆக்கள் மரம்மாதிரித்தானடா தெரிஞ்சவை!"